பழைய ஓட்டு வீட்டை இடிக்கலாமா? தரங்கம்பாடியை வைத்து ஒரு பதில்

கேள்வி இரண்டு பகுதியாக வந்தது. ஒன்று: "போன மாதம் குடும்பத்தோடு தரங்கம்பாடி போயிருந்தோம். அந்தத் தெருக்களில் ஏதோ ஒரு அழகு இருக்கிறது. அது என்ன? அந்த ஊரை ஏன் பாண்டிச்சேரி மாதிரி ஆக்கவில்லை?" இரண்டு: "மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீடு இருக்கிறது. சுவர் அடியில் பூச்சு கொட்டுகிறது. பார்க்க வந்த இன்ஜினியர் இடித்துவிட்டுக் கட்டச் சொல்கிறார். வேறு வழி உண்டா?"

நான் மயிலாடுதுறையில் முப்பது வருடமாகக் கட்டட வேலை செய்கிறவன். முதல் பத்து வருடம் கான்கிரீட் வீடு கட்டினேன். அப்புறம் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதே பிழைப்பாகிவிட்டது. எனக்கு இந்த இரண்டும் ஒரே கேள்வி. அதனால் தரங்கம்பாடியில் தொடங்கி உங்கள் தாத்தா வீட்டுச் சுவருக்கு வருகிறேன்.

கோட்டை மதிலின் நுழைவாயிலைத் தாண்டித்தான் பழைய ஊருக்குள் போயிருப்பீர்கள். இப்போது நிற்கும் வாசல் 1792ல் கட்டியது. உள்ளே நேராகப் போனால் ராஜ வீதி. 1701ல் கட்டிய சீயோன் ஆலயம், 1718ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், கவர்னர் மாளிகை, கடைசியில் கடலைப் பார்த்த டேனிஷ் கோட்டை. தஞ்சை நாயக்கர் ரகுநாதரும் டேனியக் கடற்படைத் தளபதி ஓவே கெடேயும் 1620ல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அதையொட்டித்தான் கோட்டை எழும்பியது. ரகுநாதர் டென்மார்க் அரசருக்குத் தமிழில் எழுதி அனுப்பிய பொன்னோலை இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1706ல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் வந்து இறங்கினார், பிறகு தமிழ் அச்சுக்கூடம் வந்தது, பொறையாரில் காகிதம் செய்தார்கள். இதெல்லாம் கோட்டை அருங்காட்சியகத்தில் படித்திருப்பீர்கள். நான் அதில் நேரம் செலவழிக்கப் போவதில்லை.

ராஜ வீதியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், அதுதான் என் குறை. பக்கத்தில் கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட் என்று ஒரு சின்னத் தெரு உண்டு. அங்கே டேனியர் மாளிகை எதுவும் இல்லை. நம்மூர் ஓட்டு வீடுகள், ஒன்றோடு ஒன்று தோள் சேர்த்து வரிசையாக. திண்ணை, மரத்தூண், தாழ்ந்த ஓட்டுச் சாய்ப்பு. சாயங்காலம் நாலரை மணிக்கு அங்கே நின்று பாருங்கள். எல்லா வீட்டுச் சாய்ப்பும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் முடியும். எல்லாத் திண்ணையும் ஒரு ஆள் உட்காரும் உயரம். வெயில் ஒரே கோட்டில் நிழல் போடும். நீங்கள் "ஏதோ ஒரு அழகு" என்று சொன்னது இந்த நேர்கோட்டைத்தான் என்று நினைக்கிறேன். எந்தத் தனி வீட்டையும் எடுத்து இது அற்புதம் என்று சொல்ல முடியாது. தெருவாகச் சேர்ந்து நிற்கும்போதுதான் அந்த அழகு வருகிறது.

அதனாலேயே அது சுலபமாகக் கெடும். இருபது வீட்டுத் தெருவில் நடுவே இரண்டு வீட்டை இடித்து, வாசலில் ஷட்டரும் மேலே இரண்டு மாடியும் போட்டால் போதும். மீதிப் பதினெட்டும் கிழட்டு வீடுகளாகத் தெரிய ஆரம்பிக்கும். அடுத்த பத்து வருடத்தில் அதில் பாதி போய்விடும். கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் பல தெருக்கள் இப்படித்தான் போயின. என் கண் முன்னால் போயின, சிலதில் என் கையும் உண்டு.

ராஜ வீதியின் பெரிய வீடுகளும் நாம் நினைக்கிற அளவுக்கு அயல்நாட்டுச் சரக்கு இல்லை. கட்டச் சொன்னவர் டேனியர். கட்டியவர் நம் கொத்தனார். உயரமான தூணும் வளைவும் அவர்கள் கேட்டது. செங்கல், சுண்ணாம்பு, மரக்கட்டை, மேலே போட்ட மெட்ராஸ் தளம் எல்லாம் இந்த மண்ணின் கைவேலை. மெட்ராஸ் தளம் தெரியாதவர்களுக்கு: கட்டைகளை வரிசையாகப் போட்டு, மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் தோய்த்து, செங்குத்தாகச் சாய்வு வரிசையில் அடுக்குவார்கள். கீழே முட்டுப் பலகை கிடையாது. கலவை ஒட்டிப் பிடிக்கும் வேகத்துக்குக் கையும் ஓட வேண்டும். அதன்மேல் செங்கல் ஜல்லிக் கலவை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். நூறு வருடம் ஒழுகாமல் நின்ற தளத்தை நானே கழற்றியிருக்கிறேன். உள்ளே ஒரு இரும்புக் கம்பி கிடையாது. அதனால்தான் துருப்பிடித்து வெடிக்கவும் இல்லை. கடற்கரையில் இருபது வருட கான்கிரீட் கூரை கம்பி தெரிய உரிந்து தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சரி, இவ்வளவு நாள் தரங்கம்பாடி எப்படித் தப்பியது? யாரும் திட்டம் போட்டுக் காப்பாற்றவில்லை. 1845ல் டேனியர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றார்கள். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் தஞ்சை ஜில்லாக் கலெக்டர் இங்கே இருந்தார். 1860ல் அதுவும் தஞ்சாவூருக்குப் போனது. அதே காலத்தில் நாகப்பட்டினத்துக்கு ரயில் வர, துறைமுக வியாபாரம் அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926ல் வந்த ரயிலும் 1986ல் நின்றுபோனது. ஊரில் காசு புழங்கவில்லை. காசு இல்லாதவன் வீட்டை இடிக்க மாட்டான், இருப்பதை ஒட்டுப்போட்டுக் குடியிருப்பான். ஊரின் கஷ்டம்தான் வீடுகளைக் காத்தது. இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. ஆனால் நம் பக்கத்தில் தப்பிய பழைய தெரு எதை எடுத்தாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் மீனவர் குடியிருப்பு பெரிய அடி வாங்கியது. அதற்குப் பிறகுதான் வெளியிலிருந்து பணமும் கவனமும் வந்தன. பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு, பெஸ்ட்செல்லர் என்ற டேனிய நிறுவனத்தின் அறக்கட்டளை உதவியோடு, நான் சொன்ன அந்தச் சின்னத் தெருவின் வீடுகளைப் பழுதுபார்த்தது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் சில ஆண்டுகள் இங்கே வேலை செய்தது. பழைய கலெக்டர் பங்களா ஓட்டலானது. அந்த வேலைகள் நடந்த சமயத்தில் நான் பலமுறை போய் வேடிக்கை பார்த்தேன். உண்மையைச் சொன்னால் வேடிக்கை பார்க்கப் போகவில்லை, திருடப் போனேன். சுண்ணாம்பு எப்படி நீற்றுகிறார்கள், எந்த மணல், எத்தனை நாள் புளிக்க வைக்கிறார்கள் என்பதை எல்லாம் அங்கிருந்த பெரிய கொத்தனார்களிடம் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுக்கொண்டேன்.

பாண்டிச்சேரி மாதிரி ஏன் ஆகவில்லை என்றால், பாண்டிச்சேரிக்கு ஒரு நகரத்தின் வருமானம், தனி அரசு, சென்னையிலிருந்து மூன்று மணி நேரப் பயணம் எல்லாம் இருந்தன. அங்கேயும் எனக்குப் பிடித்தது பிரெஞ்சுத் தெருக்கள் இல்லை. வைசியாள் தெரு என்ற தமிழர் தெருவில், ஓட்டலும் காபிக் கடையும் வருவதற்கு முன்பே, குடியிருந்த வீடுகளின் முகப்பைத் திண்ணையும் தூணுமாகத் திருத்தினார்கள். 2008ல் அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அங்கே ஜனங்கள் தெருவை விட்டுப் போகாமலே வேலை நடந்தது. தரங்கம்பாடிக்கு நான் ஆசைப்படுவதும் அவ்வளவுதான். திண்ணையில் யாரும் உட்காராத தெருவை எவ்வளவு செலவு செய்து பூசினாலும் அது சினிமா செட். இன்னொன்று, சரிசெய்துவிட்டுப் பூட்டி வைத்த வீடு, ஆள் இருக்கும் ஓட்டை வீட்டைவிடச் சீக்கிரம் கெடும். அடுப்புப் புகை இல்லை, காற்றோட்டம் இல்லை, ஒழுகினால் பார்க்க ஆள் இல்லை; முதலில் கறையான் குடிவரும்.

இனி உங்கள் தாத்தா வீடு.

டெல்டா வீட்டை இரண்டு விஷயத்துக்காகக் கட்டினார்கள்: தண்ணீர், காற்று. காவிரி வண்டல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் கையெட்டும் தூரத்துக்கு வரும். அதனால் வீட்டை மேடு தூக்கி, அடியில் ஆற்று மணல் கொட்டி, சுண்ணாம்பிலோ களிமண்ணிலோ செங்கல் அடுக்கினார்கள். இந்தக் கட்டு கொஞ்சம் அசைந்து கொடுக்கும். மண் உப்பினால் சுவரும் மயிரிழை நகரும், சின்ன விரிசல் விடும். மழை நீர் அந்த விரிசலில் சுண்ணாம்பைக் கரைத்து மறுபடி நிரப்பும். சிமெண்ட் சுவர் அசையாது. வேறு வழியில்லாமல் ஒரேயடியாகப் பிளக்கும்.

அப்புறம் காற்று. வாசல், ரேழி (வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள நடை), கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்தால் கொல்லைக் கிணற்றடி வாழைமரம் தெரியும். நடுவில் முற்றம். சூடான காற்று முற்றம் வழியே மேலே போக, தெருக் காற்று ரேழியில் இழுக்கும். மே மாத மதியம் ரேழியில் பாய் போட்டுப் படுத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த முற்றத்தின் மேல் கம்பி அடித்துப் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுகிறார்கள். குரங்குக்காகவும் திருட்டுக்காகவும் என்பார்கள், நியாயம்தான். ஆனால் ஷீட் போட்ட அன்றே வீடு அடுப்பாகிவிடும், பிறகு ஏசி வாங்க வேண்டும். கம்பி மட்டும் போடுங்கள், ஷீட் வேண்டாம்.

உங்கள் சுவர் ஏன் கொட்டுகிறது? நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் பத்தில் எட்டு வீட்டில் காரணம் ஒன்றே. சுவரின் அடியில் இடுப்பளவு யாரோ சிமெண்ட் பூசியிருப்பார்கள். அதற்கு ஆயில் பெயின்ட்டும் அடித்திருக்கலாம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பெரியம்மா. தொழில் ஆரம்பித்த புதிதில் குத்தாலம் பக்கம் ஒரு கிராமத்தில் அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஓதம், அதாவது தரை ஈரம், ஏறுகிறது என்று கூப்பிட்டார். பழைய சுண்ணாம்புப் பூச்சை முழங்கால் அளவு கொத்தி எடுத்துவிட்டு, மூன்றடிக்கு நல்ல கெட்டியாகச் சிமெண்ட் பூசினேன். தண்ணீர் புகாத மருந்தும் கலந்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் பிடித்துக்கொண்டார். "தம்பி, வந்து பாருப்பா. நீ பூசினது அப்படியேதான் இருக்கு. ஓதம் அதுக்கு மேல ஏறிடுச்சு." போய்ப் பார்த்தேன். மூன்றடி வரை சுவர் பளபளவென்று இருந்தது. அதற்கு மேல் ஐந்தடி வரை பூச்சு பொரிப்பொரியாக உதிர்ந்து, பாட்டனார் படத்தின் அடிச்சட்டம் பூசணம் பிடித்திருந்தது. விரல் கணுவால் என் சிமெண்ட்டைத் தட்டினேன். டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். ஒரு இடத்தில் உளி வைத்ததும் முழுப் பலகையாகக் கழன்று விழுந்தது. பின்னால் செங்கல் இல்லை, சிவப்பு மாவுதான் இருந்தது. கை வைத்தால் கொட்டியது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு.

நடந்தது இதுதான். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. தரையில் இருக்கும் ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் செங்கல்லில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வழியெல்லாம் காற்றில் விட்டுவிடும். ஈரம் ஒரு அடி, ஒன்றரை அடியில் நின்றுவிடும். உப்பு பூச்சின் முகத்தில் வெள்ளையாகப் பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிட்டு வருடம் ஒருமுறை வெள்ளை அடிப்பார்கள். பூச்சு தேய்ந்தால் மாற்றலாம். செங்கல் தேயக் கூடாது என்பதற்காகத்தான் பூச்சு. நான் சிமெண்ட் பூசியதும் அந்தக் கதவு அடைந்துவிட்டது. ஈரம் வெளியே வர வழி தேடி மேலே ஏறியது, உப்பு சிமெண்ட்டுக்குப் பின்னால் செங்கல்லுக்குள்ளேயே உறைந்து அதை மாவாக்கியது. அந்த வீட்டின் நான்கு சுவரையும் என் செலவில் சரிசெய்து கொடுத்தேன். பெரியம்மா கூலி கொடுக்க வந்தார், வாங்கிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் முதலில் கண்ணை ஓடவிடுவது சுவரில் இல்லை, தெருவில். ரோடு போடுகிறவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டு போகிறார்கள். தாத்தா காலத்தில் நான்கு படி ஏறி வீட்டுக்குள் போயிருப்பீர்கள்; இப்போது எத்தனை படி? ஒன்றா? படி குறைந்த அளவுக்கு உங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது, அவ்வளவு ஈரம் கூடுதலாகச் சுவரில் ஏறுகிறது. அடுத்து முற்றத்துத் தண்ணீர் போகும் தூம்பு. அது தெருச் சாக்கடைக்குப் போகும். சாக்கடை உயர்ந்துவிட்டால் தண்ணீர் திரும்பி வீட்டுக்கு அடியில் இறங்கும். யாராவது அதைத் துண்டால் அடைத்தும் இருப்பார்கள். இதைச் சரிசெய்யாமல் எந்தப் பூச்சு பூசினாலும் வீண்.

அப்புறம் கூரை. வருடா வருடம் ஆவணி, புரட்டாசியில் ஓடு மாற்றுவது என்று ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டைப் பிரித்து, உடைந்ததை எடுத்து, தூசு தட்டி, திரும்ப மேய்வார்கள். அணிலும் பூனையும் நகர்த்திய ஓடுகள் நேராகும். நான்கு ஆள், இரண்டு நாள் வேலை. இந்த வழக்கம் நின்றதுதான் பாதி வீடுகள் விழுந்த காரணம். ஒரு ஓடு விலகினால் ஓட்டைத் தாங்கும் கைமரம் நனையும், கைமரம் உளுத்தால் அதைத் தாங்கும் உத்திரம் கெடும், உத்திரத்தின் முனை சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் இடம் எப்போதும் முதலில் கெடும். ஏணி போட்டு ஏறி அந்த முனைகளை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கால் அங்குலம் கூட இறங்கவில்லையா, மரம் நன்றாக இருக்கிறது. வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அந்த ஒரு உத்திரத்துக்கு உடனே முட்டுக் கொடுத்துவிடுங்கள். முழு மரத்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. கெட்ட நீளத்தை வெட்டிவிட்டு அதே ஜாதி மரத்தில் ஒட்டுப் போட நல்ல தச்சருக்குத் தெரியும். தூணின் அடி உளுத்திருந்தாலும் அப்படித்தான்.

நாட்டு ஓடு இப்போது கிடைப்பது சிரமம். சூளை வைக்கும் குயவர்கள் குறைந்துவிட்டார்கள். இடிக்கும் வீடுகளிலிருந்து வரும் பழைய ஓடு கிடைத்தால் விடாதீர்கள். சுண்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் பின்கட்டு நாட்டு ஓட்டைக் கழற்றி முன்பக்கம் போட்டு, பின்னால் மங்களூர் ஓடு போட்டுக்கொள்ளுங்கள். நான் இதைப் பல வீட்டில் செய்திருக்கிறேன். கலப்படம் என்று கோபித்துக்கொள்கிற நண்பர்கள் உண்டு. அவர்கள் மழையில் அந்த வீட்டில் படுப்பதில்லை.

கடைசியில்தான் பூச்சு. சிமெண்ட்டைக் கொத்தி எடுங்கள், செங்கல் மூலையெல்லாம் உடையாமல் மெதுவாக. சுவரை ஒரு கோடை முழுக்க அப்படியே காயவிடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், சொந்தக்காரர்கள் கேட்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். உப்பு பூக்கப் பூக்க உலர்ந்த துடைப்பத்தால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். பிறகு சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கல் சுண்ணாம்பு. தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதிக்கும், சோறு கொதிப்பது போல இல்லை, ரயில் இன்ஜின் மாதிரி சீறும். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பு எவ்வளவு நாள் தண்ணீருக்கடியில் கிடக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு மணல். கடுக்காயைத் தட்டிப் போட்டு, வெல்லம் சேர்த்து, பத்துப் பதினைந்து நாள் ஊறவைத்த தண்ணீரில் கலவையை அரைப்பார்கள். அந்த வாசனை புளித்த கள்ளுக்கும் பழைய மருந்துக் கடைக்கும் நடுவில் இருக்கும். பூசிய பிறகு அவசரம் கூடாது. சுண்ணாம்பு காற்றை வாங்கித்தான் கல்லாகும். இரண்டு வாரமாவது வெயில் நேரே படாமல் சாக்குக் கட்டி, ஈரம் காட்டி வைக்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் செய்ததெல்லாம் வீண். வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், வேண்டுமானால் காவி.

செலவு? பொருளுக்கு அதிகம் ஆகாது, கூலிக்கு ஆகும். சிமெண்ட்டில் ஒரு நாளில் முடியும் சுவருக்கு இதில் நான்கு நாள். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் இன்று ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம். கோயில் திருப்பணி நடக்கும் இடத்தில் விசாரியுங்கள், அங்கே பிடிக்கலாம். ஆனாலும் இடித்துப் புதிதாகக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் நான் செய்த எந்த வீட்டிலும் பாதியைத் தாண்டியதில்லை. உங்கள் இன்ஜினியர் மேல் கோபப்படாதீர்கள். கல்லூரியில் அவருக்குக் கம்பியும் கான்கிரீட்டும்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான்.

இடிப்பதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. வரிசை வீடாக இருந்தால் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருக்கும். அந்தச் சுவரின் உட்பக்கம் மழையே பார்க்காதது. பல வீட்டில் அது களிமண் கலவையில் கட்டியது. உங்கள் கூரை போனதும் அடுத்த ஐப்பசியில் அது நனையும், கரையும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், அவர் பக்கம் நியாயம் இருக்கும்.

சட்டம் உதவுமா என்று சிலர் கேட்பார்கள். கோட்டை மாதிரி நினைவுச் சின்னங்களுக்குத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு உண்டு. தனியார் ஓட்டு வீட்டுக்கு நடைமுறையில் எதுவும் இல்லை. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012லேயே வந்தது. அது நடைமுறைக்கு வரவே பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. தரங்கம்பாடியில் கடற்கரைக்கு 500 மீட்டருக்குள் கட்டடக் கட்டுப்பாடு இருப்பதால் மாடிகள் கொஞ்சம் மெதுவாக வருகின்றன. அது கடலுக்காக வந்த விதி, தெருவுக்கு ஓசியில் கிடைத்த லாபம்.

உண்மையில் வீட்டை விழவைப்பது இந்த இரண்டும்தான்: பாகப்பிரிவினை, மனை. ஏழு பங்காளிகள், நான்கு பேர் வெளிநாடு. ஓடு மாற்ற எட்டாயிரம் ரூபாய் யார் போடுவது என்று பத்து வருடம் பேச்சு நடக்கும், அதற்குள் உத்திரம் இறங்கிவிடும். பிறகு தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போகும், மனை புரோக்கருக்குப் போகும். நம் பக்கத்தில் பல தெருக்கள் கோயில் மனை, மடத்து மனை. கட்டடம் நம்முடையது, அடிமனை அவர்களுடையது. பட்டா இல்லாததால் பேங்கில் பழுதுபார்க்கக் கடன் கிடைக்காது. உங்கள் வீடு எந்த வகை என்று முதலில் தாத்தா காலத்து ரசீதுகளை எடுத்துப் பாருங்கள். பங்காளிகள் இருந்தால், பாகம் பிரிக்கும் முன்பே கூரைக்கு மட்டும் ஒரு பொதுக் கணக்கு ஆரம்பித்து வருடம் ஆளுக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ போடச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து மூன்று குடும்பம் இப்படிச் செய்கிறது, மூன்று வீடும் நிற்கின்றன.

வீட்டில் யாராவது குடியிருக்க முடியுமா என்று பாருங்கள். வாடகை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. முன்கட்டை டியூஷனுக்கோ தையல் கடைக்கோ விடலாம். குளியலறை, கழிப்பறை வேண்டும்தான், அது இல்லாமல் இன்று யாரும் வர மாட்டார்கள். அதைக் கொல்லைப் பக்கம் தனிச் சுவர் வைத்துக் கட்டுங்கள். அங்கே சிமெண்ட் தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. பழைய சுவரைத் தோண்டிக் குழாய் பதிப்பது மட்டும் கூடாது.

இப்போதைக்கு இடிக்கிற முடிவைத் தை மாதம் வரை தள்ளிப்போடுங்கள். மழைக்கு முன்னால் ஓடுகளை மட்டும் மாற்றிவிடுங்கள், தூம்பு அடைப்பை எடுத்துவிடுங்கள். கார்த்திகையில் நல்ல மழை நாளில் ஒருமுறை போய், எந்தச் சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். தையில் அதே கோட்டைத் திரும்பப் பாருங்கள். கோடு கீழே இறங்கியிருந்தால் சுவருக்கு உயிர் இருக்கிறது. அப்போது அந்தக் கோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அடுத்து எங்கே கொத்துவது என்று சொல்கிறேன்.